மூவிராசாக்கள் பாடிய இரு மொழிகள்

மன்னார்த் தீவிலும் மாதோட்டப் பெருநிலத்திலும் கூத்து கோவில் திருநாளோடு வருவது. அதில் வடபாங்கு, தென்பாங்கு என இரு வழிகள் உண்டு. தென்பாங்கை மாதோட்டப் பாங்கு என்றும் சொல்வர். விடிய விடிய ஆடினால் நாடகம், அதையே சுருக்கி ஆடினால் வாசகப்பா. அண்ணாவியார் தாளமும் பாட்டும் ஆளும் வேலையுமாக நிற்க, பக்கப்பாட்டுக்காரர் அடியெடுத்துக் கொடுப்பர். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள் என்பதை மகளிர் கல்லூரி மலரொன்றில் குறிக்காமல் விடுவது சரியல்ல.

இந்த நாடகங்களுள் மூவிராசாக்கள் நாடகம் எம்மவர்க்கு நன்கு பழக்கமானது. விண்மீனைப் பின்தொடர்ந்து குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று அரசர்களின் கதை அது. கரையோரமாகத் தெற்கே போனால் சிலாபத்திலும் அதே மூன்று அரசர்களைச் சந்திக்கலாம், ஆனால் அங்கே அவர்கள் சிங்களம் பேசுகிறார்கள். 'ராஜ துன்கட்டுவ' என்னும் அந்நாடகத்தைச் சிலாபத்து மிஹிந்துகுலசூரிய கப்ரியேல் பெர்னாந்து பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதினார் என்பர். சிங்கள 'நாடகம' மரபின் மிகப் பழைய ஆக்கங்களுள் அதுவும் ஒன்று.

அம்மரபு தமிழ்க் கூத்திலிருந்து, அதிலும் கத்தோலிக்கக் கரையோர ஊர்களின் வழியாக, சிங்களத்துக்குப் போனது என்று பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர எழுதியிருக்கிறார். அதன் சொற்களைக் கேட்டாலே உறவு தெரியும். இன்னிசை அங்கே 'இன்னிசய' ஆகிறது. விருத்தம் 'விரிது' ஆகிறது. அடிக்கும் மத்தளத்தை 'தெமள பெரய', அதாவது தமிழ்ப் பறை, என்றே அழைத்தார்கள். கொழும்பில் கொல்லர் தொழில் செய்த பிலிப்பு சிங்ஞோ 1824இல் 'எஹெலபொல' நாடகத்தை எழுதியபோது இக்கலை முழுக்கச் சிங்கள மக்களுடையதாகிவிட்டது. கடன் வாங்கியவர் வட்டியோடு வளர்த்துக்கொண்டார் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன். பறிபோனது என்று யாரும் வருந்த வேண்டியதில்லை.

1956ஆம் ஆண்டை நாம் வேறொன்றுக்காக நினைவில் வைத்திருக்கிறோம். அவ்வாண்டு ஜூனில் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் சரச்சந்திரவின் 'மனமே' முதன்முதலாக மேடையேறியது. நடித்தவர்கள் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள், மாணவியர். பாடக் கற்பித்தவர் பழைய நாடக மரபில் வந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே. சிங்களக் கலையின் புதிய பெருமை என்று நாடு கொண்டாடிய அந்த இசையின் ஒரு வேர் நம் பக்கத்து மணலில் இருந்தது. சட்டம் எழுதியவர்களுக்கு அது தெரிந்திருந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

அதே பேராதனையில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன் அதைக் கண்டு தம் மாணவர்களைக் கூத்துக்குத் திருப்பினார். 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்பன 1960களில் மேடை கண்டன. மன்னாருக்கும் அவர் வந்தார். ஏட்டிலும் அண்ணாவிமார் நினைவிலும் கிடந்த மூவிராசாக்கள், என்றிக் எம்பரதோர், ஞானசௌந்தரி நாடகங்கள் அச்சேறியது அவர் பதிப்பித்ததால்தான். நம் கூத்து தெற்கே போய், பேராதனையில் இரு இன மாணவர்களையும் தொட்டு, புத்தகமாக வீடு திரும்பியது.

அதன் பின் நடந்ததையும் எழுதத்தான் வேண்டும். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள்; அவர்களுள் மிகப் பெரும் பகுதியினர் எங்கள் மாவட்டத்தவர். அப்போது நான் சிறுமி. வகுப்பில் சில இருக்கைகள் வெறுமையாயின. சங்கீத பாடத்தில் எங்களோடு ஒரே தாளம் தட்டிய பிள்ளைகள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வளர்ந்தார்கள். எருக்கலம்பிட்டியிலும் முசலியிலும் ரபான் ஒலித்த பெருநாள் இரவுகள் எங்கள் காதிலிருந்து போயின. ஒரே தமிழ் பேசுபவர்களிடையே இது நடந்தது. மொழி ஒன்றானால் போதும் என்று நம்புபவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்கலாம்.

போருக்குப் பின் இசையால் சேர்க்கும் முயற்சிகள் வந்தன. 2011 மார்ச்சில் சேவாலங்கா மன்றமும் நோர்வேயின் கொன்சர்ட்ஸ் நோர்வேயும் சேர்ந்து யாழ்ப்பாணத்தில் பெரிய இசைவிழாவை நடத்தின. அடுத்த ஆண்டு காலியில், பிறகு மீண்டும் யாழ்ப்பாணத்தில் என விழா மாறி மாறி நடந்தது. தெற்கின் கலைஞரும் வடக்கின் கூத்தரும் ஒரே மேடையைக் கண்டனர். நல்ல முயற்சிதான். ஆனால் மூன்று நாள் விழாவில் நாம் ஒருவரையொருவர் கேட்கிறோம். சேர்ந்து பாட நேரம் கிடைப்பதில்லை.

1999இல் ஜேர்மனியின் வைமார் நகரில் டானியல் பாரன்போய்ம், எட்வர்ட் செயித் இருவரும் இஸ்ரேலிய, அரபு இளைஞரைக் கொண்டு ஓர் இசைக்குழு அமைத்தார்கள். அங்கே முக்கியமானது கச்சேரிக்கு முந்திய ஒத்திகை நாட்கள். ஒரே சுரத் தாளை இருவர் பகிர்ந்து, பக்கத்திலிருப்பவர் எப்போது மூச்சிழுக்கிறார் என்று கவனிக்க வேண்டும். 2013இல் சுவீடனின் கோதன்பேர்க் பல்கலைக்கழகத்தார் பதினைந்து இளைஞரைச் சேர்ந்து பாடவைத்து அளந்தபோது, பாட்டின் நீண்ட அடிகளுக்கேற்ப மூச்சும், அதோடு நாடித் துடிப்பும் ஒன்றாக ஏறி இறங்கின. வைத்தியராக எனக்கு இது வியப்பில்லை. இதனால் அவர்கள் நண்பர்களாகிவிடுவார்கள் என்று அந்த ஆய்வு சொல்லவுமில்லை.

எனவே நூற்றாண்டு விழாவுக்கு எமது சங்கம் மேடையொன்றை மட்டும் போட்டுவிட்டுக் கலையக் கூடாது. எமது மாணவியரும், எருக்கலம்பிட்டி, புத்தளம் பாடசாலை மாணவியரும், சிலாபத்துச் சிங்கள மாணவியரும் ஒரு விடுமுறையில் பத்து நாட்கள் ஒன்றாகப் பயிலட்டும். அரசர்களின் கதை எல்லோருக்கும் பொருந்தாது. கதையைப் பிள்ளைகளே தெரியட்டும். தென்பாங்கு மெட்டும் நாடகம மெட்டும் ரபானும் இருந்தால் தொடங்கலாம். கற்பிக்கக்கூடிய அண்ணாவிமார் முதுமையில் இருக்கிறார்கள், ஆகவே தள்ளிப்போட முடியாது. செலவுக் கணக்கை செயற்குழு கேட்டால், முதல் வரியில் பஸ் கட்டணத்தையும் இரண்டாவதில் மத்தளத்துக்குத் தோல் மாற்றுவதையும் எழுதிக் கொடுக்கிறேன்.