ஊற்றும் தொட்டியும்: தீர்க்கதரிசனத்தின் நீர் தமிழில் பெற்ற பெயர்கள்

இடுக்கி மாவட்டத்தில், கொழுக்குமலைக்கு ஏறும் வழியில் உள்ள தேயிலைத் தோட்ட ஊர் சூரியநெல்லி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கங்காணிகள் இம்மலைகளுக்கு அழைத்துவந்த தமிழ்த் தொழிலாளர்களுள் பலர் தென்மாவட்டங்களின் வானம் பார்த்த ஊர்களைச் சேர்ந்தவர்கள். மழைநீரைக் கண்மாயில் தேக்கி வாழ்ந்தவர்கள், பாறையிடுக்கில் நீர் சுரக்கும் மலையில் குடியேறினர். அவர்களுள் கிறித்தவர்களாக இருந்தோர் கேட்ட வேதத்தில், தேக்கிய நீரையும் சுரக்கும் நீரையும் எதிரெதிரே நிறுத்தும் தீர்க்கதரிசனம் ஒன்று உண்டு.

அது எரேமியா 2:13. மக்கள்மீது அங்கே இரண்டு குற்றங்கள் சாட்டப்படுகின்றன: ஊற்றாகிய இறைவனைக் கைவிட்டது ஒன்று; நீர் நில்லாத வெடித்த தொட்டிகளை வெட்டிக்கொண்டது மற்றொன்று. யூதேயா சுண்ணாம்புப்பாறை நாடு. பாறையைக் குடைந்து, காரை பூசி, மழைநீரைச் சேமித்தனர். காரை வெடித்தால் ஆண்டு முழுவதற்குமான நீர் கசிந்து போகும். கேட்டவர்களுக்கு இது உருவகம் ஆவதற்கு முன்பே அன்றாட அச்சம்.

அங்கு ஊற்றுநீரைச் சுட்டும் எபிரேயத் தொடர் 'மாயிம் ஹய்யிம்'. சொல்லுக்குச் சொல் 'உயிருள்ள நீர்'. வழக்கில் சுரந்தோடும் நீர். 1871இல் முழுமையாக வெளிவந்த ஹென்றி பவர் குழுவின் மொழிபெயர்ப்பு வழிவந்த பழைய பதிப்பு இத்தொடரை மூவகையாகப் பெயர்க்கிறது. ஈசாக்கின் ஆட்கள் கிணறு வெட்டும்போது (ஆதியாகமம் 26:19) அது 'சுரக்கும் நீரூற்று'. தூய்மைச் சடங்கில் (லேவியராகமம் 14:5) 'ஊற்றுநீர்'. எரேமியாவிலோ 'ஜீவத்தண்ணீர்'. கிணற்றிலும் சடங்கிலும் நீராக இருந்தது, தீர்க்கதரிசனத்தில் தத்துவமாகிவிடுகிறது.

இதனால் ஒரு நன்மையும் உண்டு. சகரியா 14:8இலும், சமாரியப் பெண்ணிடம் இயேசு பேசும் யோவான் 4:10இலும் அதே 'ஜீவத்தண்ணீர்' வருவதால், மூன்று இடங்களையும் இணைக்கும் இழை தமிழ் வாசகருக்குத் தெரிகிறது. கத்தோலிக்க, சீர்திருத்தத் திருச்சபைகள் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் எரேமியாவில் 'பொங்கிவழியும் நீரூற்று' என்றும், யோவானில் 'வாழ்வு தரும் தண்ணீர்' என்றும் பெயர்த்தது. நிலம் மீண்டது, இழை அறுந்தது.

தீர்க்கதரிசிகளின் நீர் அருளை மட்டும் குறிப்பதன்று. எருசலேமின் கீகோன் ஊற்றிலிருந்து மெல்ல ஓடிய சீலோவா நீரை வெறுத்தவர்கள்மீது அசீரியா பெருவெள்ளமாய்ப் புரளும் என்கிறது ஏசாயா 8. மூணாறு மலைகளும் நீரின் அம்முகத்தைக் கண்டவையே. 1924 ஜூலை வெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கின் தொடர்வண்டிப் பாதையையே அழித்தது. அதைத் தண்டனையென்று வாசிக்க வேண்டியதில்லை. வெள்ளம் ஏன் பேரச்சத்தின் சொல்லாயிற்று என்பதற்கு அது போதிய விளக்கம்.

எபிரேயத்தில் 'அயின்' என்னும் ஒரே சொல் கண்ணையும் ஊற்றையும் குறிக்கும். தமிழும் 'ஊற்றுக்கண்' என்றே சொல்கிறது. நீர் சுரக்கும் இடத்தை நிலத்தின் கண்ணாகக் காணும் மொழிக்கு எரேமியாவின் குற்றச்சாட்டு அயலானதன்று. கண்மாய் வற்றியதையும் சுனை வற்றாததையும் ஒரே வாழ்நாளில் கண்ட தொழிலாளிக்கு அதன் பொருளை வேறொருவர் விளக்கத் தேவையும் இருந்திராது.