ஏரியில் கொட்டிய 67,000 டன்

மினசோட்டாவில டுலூத்துல இருந்து 61ஆம் நெடுஞ்சாலையில வடக்கே போறவங்க பெரும்பாலும் ஸ்ப்ளிட் ராக் கலங்கரை விளக்கத்தைப் படம் எடுத்துட்டுத் திரும்பிடுவாங்க. இன்னும் கொஞ்ச தூரம் போனா சில்வர் பே-ன்னு ஒரு சின்ன ஊர். கரையை ஒட்டிப் பெரிய இரும்புத்தாது ஆலை, எதிர்ல சுப்பீரியர் ஏரி. 'வேலையா, சுற்றுச்சூழலா?'ங்கிற சண்டையை எங்கே கேட்டாலும் எனக்கு இந்த ஊர்தான் ஞாபகம் வருது. கதையைச் சொல்றேன், கேளுங்க.

இரண்டாம் உலகப்போர் முடிஞ்சப்போ இங்கே தரமான இரும்புத்தாது தீர்ந்துகிட்டு வந்தது. மிச்சமிருந்தது டாக்கனைட்ங்கிற கெட்டிப் பாறை. அதைப் பொடியாக்கி, காந்தத்தால இரும்பைப் பிரிச்சு, உருண்டையாக்கிச் சுடணும். மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஈ. டபிள்யூ. டேவிஸ் பல வருஷம் மெனக்கெட்டு இந்த வழியைக் கண்டுபிடிச்சார். சிக்கல் என்னன்னா, மூணு டன் பாறையை உடைச்சா ஒரு டன் உருண்டைதான் தேறும். மிச்சம் ரெண்டு டன் பொடியை எங்கே கொட்டுறது?

ஆர்ம்கோ, ரிபப்ளிக் ஸ்டீல் ரெண்டும் சேர்ந்து நடத்தின ரிசர்வ் மைனிங் கம்பெனி சொன்ன பதில்: ஏரியில. பொடி கனமானது, நேரா ஆழத்துக்குப் போய் அங்கேயே தங்கிடும்னு வாதாடினாங்க. பொது விசாரணையில மீனவர்கள் எதிர்த்தும், 1947ல மாநில அரசு அனுமதி கொடுத்துடுச்சு. ஒன்பது சதுர மைலுக்கு வெளியே தண்ணி கலங்கக்கூடாதுங்கிறது ஒரு நிபந்தனை. நிமிஷத்துக்கு 1,30,000 காலன் தண்ணின்னு ஆரம்பிச்ச அனுமதி, 1960க்குள்ள 5,02,000 ஆயிடுச்சு. கடைசியில நாளுக்கு 67,000 டன் பொடி ஏரிக்குள்ள போச்சு.

இதை வில்லன் கதையா மட்டும் பார்க்கவும் முடியாது. பாபிட்டிலும் சில்வர் பேயிலுமா மூவாயிரத்துக்கும் மேல வேலை. சில்வர் பே ஊரே ஆலைக்காகக் கட்டினதுதான். ஆலை நின்னா ஊரும் நின்னுடும்.

1972ல மத்திய அரசு வழக்கு போட்டது. 1973 ஜூன்ல, டுலூத் குடிநீர்ல ஆஸ்பெஸ்டாஸ் மாதிரியான இழைகள் இருக்குன்னு சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவிச்சது. லட்சம் பேர் வடிகட்டாம குடிச்சுகிட்டிருந்த ஏரித் தண்ணி அது! ஊரே பதறிப் போச்சு.

நீதிபதி மைல்ஸ் லார்ட் முன்னால வழக்கு மாசக்கணக்கா ஓடுச்சு. தரையில கொட்ட ஏதாவது திட்டம் இருக்கான்னு கேட்டப்போ, இல்லைன்னுது கம்பெனி. அப்புறம் பார்த்தா, அவங்க காகிதங்கள்லயே அந்தத் திட்டம் இருந்தது! 1974 ஏப்ரல் 20ஆம் தேதி ஆர்ம்கோ தலைவர், நிபந்தனையோடதான் தரைக்கு மாறுவோம்னு சொன்னார். அன்னைக்கே ஆலையை மூடச் சொல்லி உத்தரவு. ரெண்டே நாள்ல மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை கொடுத்தது. ஆலை திரும்ப ஓடுச்சு, பொடியும் திரும்ப விழுந்தது.

1975ல அந்த நீதிமன்றம் ஒரு நடுவழி சொன்னது. ஆபத்து வரலாம், ஆனா உடனே வரப்போறதா நிரூபிக்கலை; அதனால மூட வேணாம், நியாயமான காலத்துக்குள்ள மாறுங்க. 1976 ஜனவரியில, பாரபட்சமா நடந்துகிட்டார்னு லார்டையே வழக்குல இருந்து நீக்கிட்டாங்க.

அப்புறம் இடச் சண்டை. கம்பெனி கேட்டது மைல்போஸ்ட் 7. விசாரணை அதிகாரி அந்த இடம் வேணாம்னு பரிந்துரைச்சார், மாநில அமைப்புகளும் மறுத்தாங்க. 1977ல மாநில உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பைத் தள்ளுபடி செய்து, அனுமதி கொடுக்கச் சொன்னது. சுமார் 37 கோடி டாலர் செலவுல குளம் கட்டி, 1980ல ஏரியில கொட்டுறதை நிறுத்தினாங்க.

ஆலை மூடலை! தரைக்கு மாறினா பிழைக்க முடியாதுன்ன கம்பெனி, மாறின பிறகும் ஓடுச்சு. 1986ல திவாலானதுக்குப் பெரிய காரணம் அமெரிக்க எஃகுத் தொழிலோட சரிவு. சில வருஷம் கழிச்சு, வேற முதலாளி கையில அதே ஆலை, அதே குளத்தோட திரும்பத் திறந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். அந்தத் தண்ணியைக் குடிச்சதால புற்றுநோய் கூடினதுன்னு பின்னால வந்த ஆய்வுகள்ல உறுதியான ஆதாரம் கிடைக்கலை. அப்போ லார்ட் தப்பா? எனக்கு அப்படித் தோணலை. 1974ல யாருக்கும் விடை தெரியாது. தெரியாத ஆபத்தை யார் சுமக்கணும்ங்கிறதுதான் கேள்வி. 1947 அனுமதி அந்தச் சுமையை டுலூத் மக்கள் தலையில வச்சது, அவங்களுக்கே தெரியாம.

அனுமதிக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வியை, மூவாயிரம் குடும்பம் குடியேறினப்புறம் கேட்டா, எந்தப் பதில் வந்தாலும் யாராவது அழத்தான் செய்வாங்க. தொழிலாளிக்கும் சேர்த்துத்தான் முன்கூட்டிய ஆய்வு. அதே மாநிலத்துல இப்போ செம்பு-நிக்கல் சுரங்கச் சண்டை. 2023ல பாலிமெட் திட்டத்தோட ஈரநில அனுமதியை ராணுவப் பொறியாளர் படை ரத்து செய்தது. 'வேலை வேணுமா, தண்ணி வேணுமா?'ன்னு அங்கேயும் கேட்கறாங்க. சில்வர் பேல ரெண்டுமே கிடைச்சது. ஆனா ஏரியில கொட்ட ஆரம்பிச்சு நிறுத்த, சுமார் 25 வருஷம் ஆச்சு.

உங்க ஊர்ல இப்படி ஒரு கதை இருந்தா எழுதுங்க மக்களே.