நலமான குழந்தையின் எலும்பில் சால்மோனெல்லா

கரோல் பாகிலிருந்து பூசா சாலையைக் கடந்தால் பழைய ராஜேந்திர நகர். 1921இல் லாகூரில் தொடங்கப்பெற்று, பிரிவினைக்குப் பின் 1954இல் தில்லியில் மீண்டும் திறக்கப்பட்ட சர் கங்கா ராம் மருத்துவமனை அங்கேதான் உள்ளது. அகதிகளுக்காக விரைந்தெழுந்த குடியிருப்புகள் சூழ்ந்த பகுதி இது. அவ்வழியே நடக்கும்போதெல்லாம் ஒரு பாடநூல் வாக்கியம் நினைவுக்கு வரும்: எலும்புச் சீழில் சால்மோனெல்லா வளர்ந்தால் அரிவாளணுச் சோகையைத் தேடுக. இந்திய மருத்துவ இதழ்களிலோ, அச்சோகையோ வேறு குறையோ இல்லாத குழந்தைகள் இந்நோயுடன் தொடர்ந்து பதிவாகிறார்கள். ஒவ்வொரு கட்டுரையும் அதை வியப்புடனேயே சொல்கிறது. அந்த வியப்புக்கு ஒரு வரலாறு உண்டு.

1876இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் டைஃபாய்டின் பின்விளைவுகளுள் எலும்பு நோயையும் சேர்த்து எழுதினார். 1898இல் பிலடெல்பியாவின் வில்லியம் கீன் இத்தகைய அறுவைச் சிக்கல்களுக்கென ஒரு நூலையே வெளியிட்டார். அன்று அதில் புதிர் ஏதுமில்லை. டைஃபாய்டு எங்கும் இருந்தது, சிலருக்கு அது எலும்பில் தங்கியது. பின்னர் மேலை நகரங்களில் குடிநீர் வடிகட்டலும் குளோரினும் வந்தன. டைஃபாய்டு மறைந்தது, அதைப் பற்றிய மருத்துவ நினைவும் மங்கியது. 1950களில் அமெரிக்க மருத்துவர்கள் அரிவாளணுச் சோகையினரிடம் சால்மோனெல்லா எலும்பு நோயைக் கண்டு எழுதியபோது, குருதியோட்டம் தடைபட்டு மடிந்த எலும்பும் செயலிழந்த மண்ணீரலும் காரணங்களாயின. அது சரியான விளக்கமே. ஆனால் டைஃபாய்டு ஒழிந்த நாட்டின் அனுபவம் உலகப் பொதுவிதியானதுதான் சிக்கல்.

இந்தியாவில் அச்சோகை இல்லை என்பதன்று. 1952இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் அதன் மரபுக்கூறைக் கண்டறிந்தனர். ஆகவே சோதனை வேண்டியதே. சோதனையில் இல்லை என்று வந்தபின் வியப்பதற்குத்தான் இடமில்லை. 1990களில் தில்லி கல்காஜிப் பகுதியில் நடந்த ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட ஆயிரம் குழந்தைகளுள் ஆண்டுக்கு ஏறத்தாழ 27 பேருக்கு டைஃபாய்டு உறுதியானது. அந்தக் கிருமி குடலிலிருந்து குருதி வழியே எலும்பு மஜ்ஜையின் விழுங்கணுக்களுக்குள் சென்று ஒளிகிறது. குருதியைவிட மஜ்ஜையிலேயே அதை எளிதில் வளர்த்தெடுக்கலாம் என்பது மருத்துவர் நன்கறிந்தது. ஆக, கிருமி எலும்புவரை சென்றடைவது விதிவிலக்கன்று; அங்கே சீழ் கட்டுவதுதான் அரிது.

தில்லியின் இன்னொரு நிகழ்வையும் இங்கே சொல்ல வேண்டும். 1955 இறுதியில் நஜஃப்கர் கால்வாயின் கழிவு வசீராபாத் குடிநீர்க் கொள்முனையில் கலந்தது. 29,000க்கும் மேற்பட்டோரை மஞ்சள்காமாலை தாக்கியது. டைஃபாய்டு மட்டும் கூடவில்லை. கூட்டியிட்ட குளோரின் வைரசை விட்டுவிட்டு பாக்டீரியாவைத் தடுத்ததே காரணம் எனக் கொள்ளப்பட்டது. எனவே ஒரு குழந்தையின் எலும்பில் சால்மோனெல்லா இருந்தால் அதன் குருதியைச் சோதிப்பதோடு நில்லாமல், அது குடித்த நீரையும் விசாரிப்பதே முறை.

இது வெறும் சொல்லாய்வு அன்று. மெல்ல வளரும் இந்நோய் காசநோய் எனக் கருதப்பட்டு, மாதக்கணக்கில் தவறான மருந்து தரப்படக்கூடும். எலும்புச் சீழுக்கு வழக்கமாகத் தரும் க்ளாக்சசிலின் சால்மோனெல்லாவைத் தொடாது. டைஃபாய்டுக்கு நெடுங்காலம் கைகொடுத்த குளோராம்பெனிகாலையும் 1972இலேயே கோழிக்கோட்டில் அக்கிருமி எதிர்த்து நின்றது. சீழை எடுத்து வளர்த்துப் பார்க்காமல் எந்த மருந்து பலிக்கும் என்று சொல்லவியலாது.