தண்டும் கயிறும்: காஞ்சி உற்சவங்களில் பாரம் கட்டிய வரலாறு

காஞ்சிபுரத்தின் தென்புறத்தில் பாலாற்றை ஒட்டி அமைந்த ஓரிக்கை, பட்டு நெசவாலும் 2011ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட காஞ்சி மகாசுவாமிகளின் கருங்கல் மணிமண்டபத்தாலும் இன்று அறியப்படுகிறது. வைணவ மரபிலோ அவ்வூருக்கு இடம் தேடித் தந்தது ஒரு பயணம். பல்லவ மன்னனின் ஆணையால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட கணிகண்ணனோடு அவருடைய குருவாகிய திருமழிசையாழ்வாரும் புறப்பட, ஆழ்வார் சொன்னபடியே திருவெஃகாவில் பள்ளிகொண்டிருந்த பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு உடன் சென்றார் என்றும், மூவரும் ஓரிரவு தங்கிய இடம் ஓரிக்கை என்றும், மன்னன் பிழை பொறுக்க வேண்டியபின் திரும்பினர் என்றும் குருபரம்பரைக் கதைகள் கூறுகின்றன. ஆழ்வார் அவதரித்த தை மகத்தை ஒட்டித் திருவெஃகாவின் அந்த யதோக்தகாரிப் பெருமாளின் உற்சவத் திருமேனி, அதாவது வீதியுலாவுக்கென வார்க்கப்பட்ட உலோகப் படிமம், ஓரிக்கைக்கு எழுந்தருளும் வழக்கம் அந்நிகழ்ச்சியின் நினைவாகவே நிலைபெற்றது. கதையில் தாமே நடந்து வந்த பெருமாள் உற்சவத்தில் ஆட்களின் தோள்மேல் வருகிறார். அவர் சாயாமலும் நழுவாமலும் வருவதற்குப் பூமாலைகளுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்வது கயிறு.

தோளில் சுமக்கும் பல்லக்குக்கும் வாகனத்துக்கும் அடிப்படையாக இருப்பவை தண்டுகள் எனப்படும் நீண்ட மரங்கள். அவற்றை இணையாக வைத்து, முன்னும் பின்னும் குறுக்குச் சட்டங்களைப் பிணைத்து, நடுவில் வாகனத்தின் பீடத்தை ஏற்றிக் கட்டுவர். மேலிருந்து பார்த்தால் அது கிடத்திய ஏணியின் வடிவமேயாகும். இன்று பந்தல்காரர்கள் வேனின் கூரைமேல் ஏணியைக் கட்டும்போது எதிர்கொள்ளும் மூன்று சிக்கல்களும், அதாவது முன்பின் நழுவுதல், பக்கவாட்டில் சாய்தல், மேலே எழும்புதல் ஆகியவை, அன்று ஏணி வடிவச் சட்டத்தின்மேல் தெய்வத்தைக் கட்டியவர்களுக்கும் இருந்தன. ஏணி கீழே இருக்கிறதா மேலே இருக்கிறதா என்பது மட்டுமே வேறு.

இச்சிக்கல்களுக்கான பழைய விடை ஒன்று செப்புத் திருமேனிகளின் பீடத்திலேயே இருக்கிறது. சோழர் காலத்து உற்சவப் படிமங்கள் பலவற்றின் பீடத்தில் துளைகளோ வளையங்களோ காணப்படுகின்றன. தண்டைச் செருகவும் கயிற்றை ஊடே விட்டுக் கட்டவும் அவை பயன்பட்டன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள் திருமேனிகளை வருணிக்கும்போது அவற்றின் உயரத்தை முழத்திலும் விரலிலும் அளந்து கூறுவதோடு, உடன் அமைந்த பீடத்தையும் தனியே குறிப்பது கவனிக்கத்தக்கது. பீடம் அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. பாரத்தின் எடைமையத்தைத் தாழ்த்தி, கட்டுக்கு இடம் தரும் உறுப்பும் அதுவே. பொருளின்மேல் சுற்றிப் போட்ட கயிறு, பொருள் அசைந்தால் தானும் நகர்ந்து தளரும். பொருளுக்குள்ளே நுழைந்து வரும் கயிறு அவ்வாறு நகர வழியில்லை. ஏணியின் படிகளுக்கிடையே கயிற்றை நுழைத்துக் கட்டச் சொல்வதும் இதனால்தான். சிற்பி மெழுகில் வடிவம் செய்யும்போதே கட்டுபவனுக்கும் சேர்த்துச் சிந்தித்திருக்கிறான். கலை வரலாற்று நூல்கள் படிமத்தின் இடை வளைவுக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒரு பத்தியேனும் அந்தத் துளைகளுக்குக் கிடைத்திருக்கலாம்.

காஞ்சியின் வரலாற்றில் தெய்வத்தைக் கட்டும் கலை உயிர்ப்பிரச்சினையாக மாறிய காலம் 17ஆம் நூற்றாண்டின் இறுதி. முகலாயப் படை நெருங்குவது கண்டு அஞ்சிய கோயிலார் 1688ஆம் ஆண்டளவில் வரதராசர் கோயில் உற்சவத் திருமேனிகளை உடையார்பாளையத்துக்குக் கொண்டு சென்றனர். ஊரைவிட்டு வெளியேற்றும்போது அவற்றைப் பிணம்போல் மூடி, பாடையில் வைத்துச் சுமந்தனர் என்பது மரபு. பாடை என்பது இரு நெடு மூங்கில்களைக் குறுக்குக் கழிகளால் இணைத்து, வைக்கோல் பரப்பி, உடலைக் கயிற்றால் பிணைக்கும் சட்டம், அதுவும் ஏணிதான். மனித உடலைப் போலன்றி உலோகப் படிமம் சிறிய இடத்தில் பெரும் பாரத்தைக் குவிப்பதால், மூங்கில் நடுவில் வளையும் என்பதையும், நின்ற கோலத் திருமேனியைக் கிடத்தினால் பீடப் பக்கம் கனத்துத் தலைப்பக்கம் தூக்கும் என்பதையும் சுமந்தவர்கள் சமாளித்தாக வேண்டும். பீடத்து உறுப்புகளில் வெளிப்படையாகக் கட்டினால் வேடம் கலைந்துவிடும். ஆகவே துணிக்கு மேல், சவத்தைக் கட்டும் முறையிலேயே கட்டியிருக்க வேண்டும் என்று ஊகிப்பது பொருத்தமாகும். ஆபத்து நீங்கியபின் திருமேனிகளைத் திருப்பித் தர உடையார்பாளையம் பாளையக்காரர் மனம் ஒப்பவில்லை. வைணவத் துறவியான ஆத்தான் ஜீயரின் வேண்டுகோளை ஏற்ற படைத்தலைவர் லாலா தோடர்மாலின் முயற்சியால் அவை 1710ஆம் ஆண்டு காஞ்சிக்கு மீண்டன என்பதைக் கோயிலில் உள்ள கல்வெட்டு பதிவு செய்கிறது. அந்த மீட்சி உடையார்பாளைய உற்சவம் என்ற பெயரில் கொண்டாடப்படுகிறது. மீட்டவர்களின் பெயர் கல்லில் நிற்கிறது. பாடை கட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. 1514இல் கிருஷ்ணதேவராயர் அக்கோயில் விமானத்துக்குப் பொன் வேய்ந்ததைச் சொல்லும் கல்வெட்டு மரபு கயிற்றைப் பற்றி எதுவும் சொல்லாததில் வியப்பில்லை.

அமைதிக் காலத்து உற்சவங்களில் பாரமும் அசைவும் பெருகின. வைகாசிப் பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் நடக்கும் கருட சேவையில், உலோகத் தகடு போர்த்திய மரக் கருடனும் அதன்மேல் திருமேனியும் மட்டுமின்றி, உடன் நிற்கும் அர்ச்சகர்களின் எடையும் சேர்ந்து தண்டுகளில் இறங்குகிறது. சுமப்போராகிய ஸ்ரீபாதம் தாங்கிகள் சீராக நடப்பதோடு நிற்பதில்லை. சில இடங்களில் ஓடுவர், ஏசல் என்ற பெயரில் வாகனத்தை முன்னும் பின்னும் ஆட்டி அசைப்பர். அசையாத பாரத்தைத் தாங்கும் கட்டு அசையும் பாரத்துக்குப் போதாது என்பதை இவ்வழக்கமே கற்பித்திருக்கும். பொங்கலை ஒட்டிய பார்வேட்டையில் வரதர் வாலாஜாபாத் வழியாகப் பழையசீவரம் மலைவரை செல்லும்போது இருபது கிலோமீட்டருக்கு மேல் அதே கட்டு தாங்க வேண்டும்.

நார்க்கயிற்றின் வலிமை முடிச்சைவிடச் சுற்றுகளைப் பொறுத்தது. மரத்தைச் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் உராய்வைப் பன்மடங்காக்குவதால், நான்கைந்து சுற்றுக்குப் பின் வரும் முடிச்சுக்கு மிகச் சிறிய இழுவையே எஞ்சும். இயற்கை நார் ஈரத்தில் உப்பி நீளத்தில் சுருங்கும், உலர்ந்தால் நெகிழும். மார்கழி, தைப் பனியில் விடியற்காலையில் இறுகியிருந்த கட்டு நண்பகல் வெயிலில் தளர்வது இதனால்தான். வழியெங்கும் உள்ள மண்டகப்படிகள், அதாவது சுவாமி இறங்கி நின்று பூசை ஏற்கும் இடங்கள், பக்தர்களுக்காக ஏற்பட்டவையெனினும் கட்டைத் தொட்டுப் பார்த்து இறுக்கவும் வாய்ப்பளித்தன. வழுவழுப்பான நைலான் கயிறு வலிமையில் நாரை வென்றாலும், மரத்தைப் பற்றுவதில் தோற்கிறது. பாரம் ஏறினால் நீளவும் செய்கிறது. அதற்குக் கூடுதல் சுற்றும் கூடுதல் முடிச்சும் வேண்டும்.

தோள் கொடுக்க ஆள் குறைந்த கோயில்களில் வாகனத்தைச் சகடை எனப்படும் சக்கர வண்டியிலும் டிராக்டரிலும் ஏற்றும் வழக்கம் பரவியுள்ளது. உழைப்பு குறைந்தது உண்மை. ஆனால் சாலைக் குழியின் அதிர்ச்சியை முழங்காலை மடித்துத் தாமே உள்வாங்கிக்கொண்ட சுமப்போர் அகன்றதும், அவ்வதிர்ச்சி நேரே கட்டுக்குச் சென்றது. மின்விளக்குச் சட்டங்களும் தோரணங்களும் உயர்ந்துகொண்டே போக, கவலை கயிற்றிலிருந்து மின்கம்பிக்கு மாறியது. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சையை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேரின் மேற்பகுதி உயரழுத்த மின்கம்பியில் உரசியதில் 11 பேர் உயிரிழந்தனர். கட்டு அவிழாத வண்டியில் நேர்ந்த விபத்து அது. கீழே இருந்து கட்டிப் பழகிய கைகளுக்கு மேலே உள்ள கம்பி எட்டாது. தேர் செல்லும் தெருவில் மின்சாரத்தை நிறுத்திவைப்பதும், புறப்படுமுன் உச்சியின் உயரத்தைக் கம்பியின் உயரத்தோடு ஒப்பிட்டு அளப்பதும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் பழைய வேலைப் பட்டியலில் இல்லாத புதிய வேலைகள்.