நிபந்தனை மானியம்

மேல் அரசு ஒரு காரியத்துக்குத் தரும் பணத்தை, வேறொரு காரியத்தில் கீழ் அரசு இணங்கிப்போவதோடு சேர்த்து முடிச்சுப் போடும் முறை.

அமெரிக்காவில் இதற்குப் பழகிய ஆயுதம் சாலை நிதி. மது வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் ஒரு பங்கு வெட்டு என்று 1984இல் சட்டம் வந்தது. தெற்கு டகோட்டா வழக்குப் போட்டுத் தோற்றது. நிபந்தனைக்கும் பணத்தின் நோக்கத்துக்கும் தொடர்பு வேண்டும், குடிபோதையில் வண்டி ஓட்டுவது சாலைப் பாதுகாப்பு சார்ந்ததுதானே என்றது 1987 தீர்ப்பு. உள்ளூர் அதிகாரிகளை நேரடியாக ஏவ ஒன்றியத்துக்கு அதிகாரமில்லை என்று 1997இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஏவ முடியாதவர்களுக்குப் பணப்பையே பிரம்பு. குடிவரவுச் சோதனைக்கு ஒத்துழைக்காவிட்டால் போக்குவரத்து நிதி நிற்கும் என்று 2025 ஏப்ரலில் போக்குவரத்துச் செயலர் ஷான் டஃபி கடிதம் அனுப்பினார். பாலத்துக்கும் விசாவுக்கும் என்ன உறவு? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போட்ட முடிச்சுதான். 20 மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. ஜூனில் ரோட் ஐலண்ட் நீதிபதி ஜான் மெக்கானல் இடைக்காலத் தடை விதித்தார்.

இந்தியாவில் அந்தச் சண்டைக்கு இடமே வரவில்லை. அயல்நாட்டினர் ஒன்றியப் பட்டியலில் வருபவர்கள். அந்த அதிகாரத்தை மாநிலத்தின் ஒப்புதலோடு அதனிடமே ஒப்படைக்க அரசியலமைப்பின் 258ஆம் பிரிவு வழி செய்கிறது. கூடுதல் செலவை ஒன்றியமே ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. உதாரணமாக, திண்டிவனம்–புதுச்சேரி சாலையிலுள்ள கிளியனூரிலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே கணக்கெடுப்பது வருவாய்த்துறை, கண்காணிப்பது மாநிலத்தின் க்யூ பிரிவு போலீஸ். உதவித்தொகையை மாநிலம் முதலில் செலவழித்து, ஒன்றியத்திடம் திரும்பப் பெறுகிறது. கிளியனூர் வழியாகப் போகும் அந்தச் சாலையோ தேசிய நெடுஞ்சாலை. அதற்கான பணம் மாநிலத்தின் கையெழுத்துக்குக் காத்திருப்பதில்லை.

தமிழ்நாட்டில் முடிச்சு விழுந்தது பள்ளிக்கூடத்தில். நெருக்கடி நிலைக்காலத்து 42ஆம் திருத்தம் கல்வியைப் பொதுப்பட்டியலுக்குக் கொண்டுபோனது. அதன் விளைவு இப்போதுதான் முழுசாகத் தெரிகிறது. பள்ளிக் கல்விக்காக 2018இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒன்றியத்தின் பங்கு 60 விழுக்காடு. 2022இல் வந்த பி.எம். ஸ்ரீ வேறு திட்டம். அதன் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில், தேசியக் கல்விக் கொள்கை 2020ஐ முழுமையாகச் செயல்படுத்த வேண்டும் என்று ஒரு பத்தி இருக்கிறது. கையெழுத்திடத் தயார் என்று 2024 மார்ச்சில் மாநிலம் எழுதியது. ஜூலையில் அந்தப் பத்தியை மட்டும் நீக்கிய வரைவைத் திருப்பி அனுப்பியது. அந்தக் கொள்கை மூன்று மொழி கேட்கிறது; 1968 முதல் இருமொழிக் கொள்கையில் நிற்கும் மாநிலம் வேறெப்படிச் செய்யும்? 2024–25க்கான 2,152 கோடி ரூபாய் வரவில்லை. நின்றது பி.எம். ஸ்ரீ பணமல்ல, சமக்ர சிக்ஷா பணம்.

2025 மே மாதம் 131ஆம் பிரிவின்கீழ் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போய், வட்டியோடு 2,291 கோடி கேட்டது. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துக்கான தொகையைக் கல்விக் கொள்கையோடு இணைக்கத் தேவையில்லை என்றது. அந்தத் தொகை தாமதமானதில், அச்சட்டப்படி தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களுக்கு நடக்கும் சேர்க்கை, பள்ளிகள் திறந்து நான்கு மாதம் கழித்து அக்டோபரில்தான் தொடங்கியது.