ஓசூர் டு மசாய் மாரா: சஃபாரி டிக்கெட் போடும் முன் இந்த ஊசியைப் போட்டாச்சா?

பன்னேர்கட்டா சஃபாரிக்கு ஓசூரில் இருந்து காலையில் கிளம்பினால் மாலையில் வீடு திரும்பிடலாம். கென்யாவின் மசாய் மாரா அப்படி இல்லை. அங்கே வைல்டுபீஸ்ட் மந்தைகள் திரளும் ஜூலை - அக்டோபர் சீசனுக்கு பிளான் போடுபவர்கள், முதலில் போட வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி.

சிக்கலே திரும்பி வரும்போதுதான். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் பட்டியலில் கென்யாவும் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். கம்பெனியில் வாங்கிய லீவ் அதிலேயே போய்விடும்!

ஊசி போட்டு 10 நாள் கழித்துதான் சான்றிதழ் செல்லுபடியாகும். 'நாளைக்கு ஃபிளைட், இன்னைக்கு ஊசி' என்பதெல்லாம் வேலைக்கு ஆகாது. பக்கத்துத் தெரு கிளினிக்கும் கணக்கில் வராது. மத்திய அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போடணும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அதில் ஒன்று. பெங்களூருவிலும் மையங்கள் உண்டு. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 60 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், முட்டை அலர்ஜி உள்ளவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிடுங்க. மலேரியாவுக்கு இந்த ஊசி உதவாது, அதற்கான மாத்திரையைத் தனியாகக் கேட்டு வாங்கணும்.

2024 ஜனவரி முதல் கென்யாவுக்கு விசா கிடையாது; ஆன்லைனில் பயண அனுமதி வாங்கினால் போதும்.

முறுக்கு, புளிக்காய்ச்சல் எடுத்துப் போறீங்களா? பிளாஸ்டிக் கேரி பேக் வேண்டாம், 2017 முதல் அங்கே தடை.

பன்னேர்கட்டா பஸ் மாதிரி சஃபாரி வண்டி ஜன்னலில் கம்பி வலை இருக்காது. சிங்கம் பக்கத்தில் வந்தால் கத்தக்கூடாது, டிரைவர் சொல்லாமல் இறங்கவே கூடாது. அதிகாலையில் குளிரும், ஓசூர் மார்கழிக்கு வாங்கிய ஸ்வெட்டரே போதும்.