லீன் உற்பத்தியும் சுற்றுச்சூழலும்

ஆலையில் வீணாவதைக் கண்டறிந்து களையும் லீன் உற்பத்தி முறையை, மூலப்பொருள், மின்சாரம், நீர், கழிவு ஆகியவற்றைக் குறைக்கவும் பயன்படுத்தலாம். ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் தாய்ச்சி ஓனோ உருவாக்கிய உற்பத்தி முறையே இதன் வேர். அவர் வகுத்த ஏழு வகை வீண்களில் (ஜப்பானியத்தில் ‘முடா’) சுற்றுச்சூழல் என்ற தலைப்பே கிடையாது. ஆனாலும் பழுதாகும் ஒவ்வொரு பொருளும் தனக்குச் செலவான உலோகத்தையும் மின்சாரத்தையும் சேர்த்தே விழுங்குகிறது. மிஞ்சிய சரக்குக்குக் கிடங்கும் விளக்கும் வேண்டும்.

வீணைக் களைவது சுற்றுச்சூழலுக்கும் உதவுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து லாஃபயெட் நகரில் உள்ள சுபாரு கார் ஆலை 2004 முதல் குப்பைமேட்டுக்குக் கழிவு அனுப்புவதில்லை. ஜப்பானிலிருந்து உதிரிபாகங்களைச் சுமந்து வரும் தெர்மாகோல் அச்சுகள் தூக்கியெறியப்படாமல் திரும்பக் கப்பலேறி, மறுபடி நிரப்பப்பட்டு வருகின்றன. மறுசுழற்சிக்கு உதவாத சிறு பகுதியை எரித்து ஆற்றல் எடுக்கிறார்கள். ஆகவே ‘பூஜ்யக் கழிவு’ என்ற சொல்லை அந்த அளவுக்கே நம்பலாம்.

லீன் தானாகவே பசுமை ஆகிவிடாது. சிறு தொகுதிகளாக உற்பத்தி செய்யும்போது வண்ணம் அடிக்கடி மாறும். ஒவ்வொரு முறையும் பெயின்ட் குழாய்களைக் கரைப்பான் ஊற்றிக் கழுவ வேண்டும். உதிரிபாகங்களை வேண்டியபோது வேண்டிய அளவே வரவழைத்தால் லாரி நடை கூடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2003இல் வெளியிட்ட அறிக்கை இத்தகைய குருட்டுப் புள்ளிகளையும் பேசுகிறது.